பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போகச் சொன்ன தம்பிக்கு

நேற்று சாயங்காலம் உங்களில் ஒருத்தர் என் மேசைக்கு வந்து, "அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒங்க பாஸ்வேர்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருங்கண்ணே, எங்களுக்குச் சுளுவா இருக்கும்" என்று கேட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். தலையில் எண்ணெய் கொஞ்சம் அதிகமாக வைக்கிற தம்பி என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறவன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாளை முதல் மாமனாரின் மைக் செட் கடையில் உட்காரப் போகிறேன். போவதற்கு முன் புதுப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று முதலாளி சொன்னார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவனிடம் புத்தி கேட்கிற நிலைமைக்கு நீங்கள் வந்திருப்பதை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. நாலு வார்த்தை எனக்கு வராது. ஒரு சம்பவம் வரும். அதில் ஒரு முட்டாள் இருக்கிறான். சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இந்தக் கம்பெனி அப்போது கம்பெனி இல்லை. தல்லாகுளத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கல்யாணப் பத்திரிகை அச்சகம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஆபீஸில் நாங்கள் நான்கு பேர். முதலாளி, வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிரத்தில் கொஞ்சுவார், வைத்துவிட்டுத் தமிழில் எங்களைத் திட்டுவார். புரூஃப் பார்க்கிற அண்ணன். உலகத்தில் எல்லாப் பிழையையும் கண்டுபிடிப்பார், தன் சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருப்பது மட்டும் தெரியாது. அப்புறம் செல்வி. அப்புறம் நான்.

செல்வி ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், அவளிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாரும் என்னை 'வெப் மாஸ்டர்' என்று கூப்பிட வேண்டும் என்று அறிவித்தேன். மற்றவர்கள் 'டேய்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். செல்வி மட்டும் 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டாள். தினமும் காலையில், "என்ன மாஸ்டர், புரோட்டா ரெடியா?" என்பாள்.

பத்திரிகை அடிப்பதோடு ஐந்து கல்யாண மண்டபங்களின் புக்கிங்கும் எங்கள் கையில் இருந்தது. மண்டபத்துக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். வாட்ச்மேனிடம் சாவி மட்டும் இருக்கும். எந்தத் தேதி யாருக்கு என்பது எங்கள் சுவர்க் காலண்டருக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காலண்டரைத்தான் நான் வெப்சைட் ஆக்கினேன். சிவப்பு என்றால் தேதி போய்விட்டது, பச்சை என்றால் காலி. வெளிப்பக்கத்தை ஊரே பார்க்கலாம். உள்பக்கத்தில் நாங்கள் தேதிகளை மாற்றுவோம்.

உள்பக்கத்துக்கு நான் பூட்டுப் போடவில்லை. முகவரி தெரிந்தால் யாரும் நுழையலாம். யாருக்குத் தெரியப் போகிறது என்று இருந்தேன். ஒருநாள் ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்து யாரோ உள்ளே புகுந்து ஆவணி மாதம் முழுவதையும் சிவப்பாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று காலை வந்தவர்களெல்லாம் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து மண்டபத்திலும் இடமில்லை என்று திரும்பிப் போனார்கள்.

"வீட்டக் கட்டிட்டுக் கதவு வைக்காம விட்டுருக்கியேடா" என்றார் முதலாளி.

ஒரு வாரம் உட்கார்ந்து லாகின் செய்தேன். பெயர், பாஸ்வேர்ட். கூடவே ஒரு பதிவேடு: யார், என்ன மாற்றினார், எத்தனை மணிக்கு. அதைச் செய்து முடித்தபோது எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அந்த வாரம் முழுவதும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு அலைந்தேன்.

"இனிமே பேரு பொய் சொல்லாது மொதலாளி. யாரு தொட்டாலும் இதுல விழுந்துரும். தப்பிக்கவே முடியாது" என்றேன். இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி வைத்துக்கொண்டார்.

ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னேன். புரூஃப் அண்ணன் வைத்ததை நான் பதிவுகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணே, அண்ணி பேர வீட்டுல கூப்பிட மாட்டீக, கம்ப்யூட்டர்ல மட்டும் கூப்பிடுறீகளோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் காது வரை சிவந்துபோனார். செல்வி மட்டும் சிரிக்காமல், "அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மாஸ்டர்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியக் கூடாத ஒன்றை எனக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மத்தியானமே மாற்றினேன். அவள் கேட்ட கேள்விகளில் அது சின்னது.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். காலையில் முதலில் வருவது செல்விதான். ஷட்டரைத் தூக்குவாள், வாசலில் தண்ணீர் தெளிப்பாள், சாமி படத்துக்கு ஊதுபத்தி வைப்பாள், கம்ப்யூட்டரைப் போட்டு லாகின் செய்வாள். அப்புறம் நாங்கள் வருவோம். ஷட்டரைத் திறந்த பிறகு கடைக்குள் வருகிற ஒவ்வொருத்தனும் இன்னொரு தடவையா ஷட்டரைத் தூக்குகிறான்? லாகினையும் நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். காலையில் ஒருத்தர் திறந்துவிட்டால் கடை திறந்தாயிற்று. சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது அதையும் மூடினால் போதும். இடையில் அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காருவோம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடை வைத்துப் பழகிய ஊர்க்காரர்கள், கம்ப்யூட்டரையும் கடை மாதிரியே நடத்தினோம்.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் மத்தியானம் மூன்று மணி. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சித்தப்பா திருமங்கலத்திலிருந்து வந்து, பத்திரிகை புரூஃபுக்காக கோலி சோடாவோடு உட்கார்ந்திருக்கிறார். புரூஃப் அண்ணன் படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். அலமாரியைத் திறந்து, பத்து நாளைக்கு முன்னால் அடித்துக் கொடுத்த இன்னொரு பத்திரிகையை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மொதலாளி" என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது. "ஒரே மண்டபம். ஒரே நாளு. ஒரே முகூர்த்தம். பொண்ணு மாப்பிள்ள மட்டும்தான் வேற வேற."

முதல் பத்திரிகை ஒத்தக்கடைக்காரர்களுடையது. ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. இரண்டாவது இந்தச் சித்தப்பாவுடையது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் முதலாளியின் வீட்டுக்கே போயிருக்கிறார். முதலாளி வீட்டுக் கம்ப்யூட்டரில் தேதி பச்சையாக இருப்பதைப் பார்த்து, தன் பெயரிலேயே லாகின் செய்து, புக் செய்து, வாக்கும் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்.

சித்தப்பா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "என்னய்யா சொல்றீக? எங்க அண்ணன் மகன் கல்யாணத்த ரோட்டுல வச்சு நடத்தவா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஒத்தக்கடைக்காரங்க தேதியப் பச்சையாக்குனது யாரு? நீ போட்ட பூட்டுல பாருடா."

அத்தனை பேர் முன்னால் என் பதிவேட்டைத் திறக்கிற வாய்ப்பு. சர்க்கஸ்காரன் மாதிரி திறந்தேன். 'செல்வி. காலி செய்தார். புதன். மத்தியானம் ஒன்று இருபது.' சத்தமாகப் படித்தேன்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இம்புட்டுப் பெரிய பொறுப்ப ஒரு சின்னப் பிள்ள கையில குடுத்துருக்கீகளே" என்றார் சித்தப்பா.

முதலாளி கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயம். "செல்வி, அஞ்சு மணிக்கு என்கிட்ட வா. பேசணும்" என்றார். அது என்ன பேச்சு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தேதியை அழித்தவள் என்று வேலையை விட்டு அனுப்பினால், இந்த ஊரில் வேறு எந்த அச்சகமும் அவளைப் படியேற விடாது.

என்னையோ உங்களையோ அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன செய்வோம்? நான் இல்லை, நான் இல்லை என்று அரைமணி நேரம் சாதித்திருப்போம். செல்வி ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நான் மாத்தல மொதலாளி. ஆனா அத அஞ்சு மணிக்குப் பாப்போம். மொதல்ல மண்டபம்." சொல்லிவிட்டு டெலிபோனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

பெரிய முகூர்த்த நாள். ஐந்து மண்டபமும் சிவப்பு. ஊரில் வேறு மண்டபம் கிடைக்க வழியே இல்லை. அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடி யோசித்தாள். "நம்மகிட்ட இருக்கற திருமங்கலம் மண்டபத்துல அன்னைக்கு என்ன?"

"காதுகுத்து" என்றார் புரூஃப் அண்ணன். "பத்திரிகை இன்னும் அடிக்கல. மாதிரி மட்டும்தான் போட்டுருக்கு."

"காதுகுத்து ஒரு வாரம் தள்ளலாம். கல்யாணத்தத் தள்ள முடியாது."

"அப்ப பிள்ளையோட அப்பாவுக்குப் போன் போடு" என்றார் முதலாளி.

"அப்பா ஒத்துக்கிட்டாலும் தாய்மாமன் ஒத்துக்கலன்னா நடக்காது. மாமன் ஒத்துக்கிட்டா அப்பாகிட்ட சேதி சொன்னாப் போதும்." அவள் தாய்மாமன் நம்பரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். மறுமுனைக்காரர் பேசுவது அறை முழுக்கக் கேட்டது. என் மாமனார் கடையில் வேலைக்கு ஆகியிருப்பார், மைக்கே தேவையில்லை.

"அண்ணே, பத்திரிகை ஆபீஸ்லருந்து செல்வி பேசுறேன். எங்க பக்கம் ஒரு தப்பு நடந்து போச்சுண்ணே. ஒரே மண்டபத்த ரெண்டு கல்யாணத்துக்குக் குடுத்துட்டோம். நீங்க ஒருத்தரு மனசு வச்சாத்தான் ஒரு கல்யாணம் ஒழுங்கா நடக்கும்."

"நான் என்னம்மா செய்ய முடியும்? அங்க மச்சான் இருக்காரு, பெரியவுக இருக்காக…"

"தாய்மாமன் நீங்கதானண்ணே? ஒங்க மடியில உக்கார வச்சுத்தான பிள்ளைக்குக் காது குத்துவாக? அடுத்த வாரமும் முகூர்த்தம் இருக்கு. அதே மண்டபம் தாரேன். பத்திரிகையக் காசு வாங்காம அடிச்சுத் தாரோம். இன்னொண்ணும் சொல்லணும். மாதிரியப் பாத்தேன். ஒங்க பேரு ரொம்பச் சின்னதா இருக்குண்ணே."

"எம்புட்டுச் சின்னதா?"

"சமையல்காரர் பேரும் ஒங்க பேரும் ஒரே அளவு."

"அடப் பாவிகளா!"

"புதுசுல ஒங்க பேரு மேல வரும். போட்டோவோட."

"கலர்லயா?"

"கலர்லதாண்ணே."

"கூலிங் கிளாஸ் போட்டது ஒண்ணு இருக்கு. நல்லாருக்குமா?"

"அதுதாண்ணே எடுப்பா இருக்கும்."

"சரி தாயி. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே சித்தப்பா பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு மண்டபம் ரெடி. இது ரோட்டு மேலயே இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்குனா மண்டபம். பந்திக்கு அம்பது எல கூடவே விழும்."

"பார்க்கிங்?" என்றார் சித்தப்பா, விறைப்பு குறையாமல்.

"பின்னாடி தென்னந்தோப்பு. வேன் நிறுத்தலாம்."

சித்தப்பா சோடாவை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். சம்மதம் என்று அர்த்தம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், வியர்த்துக்கொண்டிருந்தேன். 'புதன், ஒன்று இருபது' என்று நானே சத்தமாகப் படித்தேன் அல்லவா? அது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை. புரூஃப் அண்ணன் வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வந்த நாள். எல்லாரும் மொட்டை மாடிக்குச் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும், "இதோ வாரேன்" என்று கீழே நின்றேன். பதிவேடு இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசை. செல்வியின் நாற்காலி காலியாக இருந்தது, லாகின் திறந்திருந்தது. ஒரு சிவப்புத் தேதியைப் பச்சையாக்கினேன். பதிவேட்டில் வரி விழுந்ததா என்று பார்த்தேன். விழுந்தது. சந்தோஷம். யார் பெயர் விழுந்தது என்று பார்க்கவில்லை. மாடியிலிருந்து, "மாப்ள, ஈரல் தீரப் போகுது" என்று அண்ணன் சத்தம் போட்டார். தேதியைத் திரும்பச் சிவப்பாக்காமல் ஓடினேன்.

கண்டுபிடித்துவிட்டீர்கள்தானே, அந்த முட்டாளை?

இது எனக்கு ஞாபகம் வந்தபோது மணி மூன்றேகால். நான் வாயைத் திறந்தது ஐந்துக்கு. இடையில் இருந்த நேரத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வேலைக்கு நடுவில் சொல்ல வேண்டாம், தனியாகச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எத்தனை சாக்கு வந்தது தெரியுமா? அவளோ அத்தனை நேரமும் என் தப்புக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு சித்தப்பா போய்விட்டார். முதலாளி, "செல்வி" என்றார். அவளுக்கு முன்னால் நான் போய் நின்றேன்.

"மொதலாளி, அது நான். புதன்கிழமை டெஸ்ட் பண்ணுனேன். மறந்துட்டேன்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளைக்காகப் பழியத் தூக்கிப் போட்டுக்கிறியாக்கும்? சினிமா ரொம்பப் பாக்குறடா."

"நெசமா மொதலாளி."

"நீ என்னைக்குடா நெசம் பேசிருக்க?" என்றார் புரூஃப் அண்ணன். அது நியாயமான கேள்விதான்.

"சாமி சத்தியமா நான்தான்."

"கம்ப்யூட்டர்ல அவ பேருல்ல இருக்கு? பேரு பொய் சொல்லாதுன்னு சொன்னது யாரு? நீயா நானா?"

தம்பிகளா, தங்கச்சிகளா, என் நிலைமையைப் பாருங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்கிறேன், நான் கட்டின சாமானே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. குற்றவாளி நான்தான் என்று நிரூபிக்க எனக்கு வழி தெரியவில்லை.

வழி தெரிந்தவள் செல்வி. "மொதலாளி, ஒரு நிமிசம் இங்க வந்து உக்காருங்க" என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். "பங்குனியில ஒரு பச்சத் தேதியச் செவப்பாக்குங்க." ஆக்கினார். "சேமிங்கறத அழுத்துங்க." அழுத்தினார். "மாஸ்டர், பதிவேட்டத் தொறங்க."

திறந்தேன். 'செல்வி. புக் செய்தார். ஐந்து பன்னிரண்டு.'

"நான் இங்க நிக்கிறேன். யாரு மாத்துனா மொதலாளி?"

முதலாளி திரையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். அப்புறம் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "அப்ப ஒன் பேர்ல நான் என்ன வேணாலும் செஞ்சிருக்கலாம்" என்றார் மெதுவாக.

"யாரு வேணாலும் மொதலாளி."

"இம்புட்டு நேரம் ஏம்மா இதச் சொல்லல?"

"ரெண்டு கல்யாணம் அந்தரத்துல நின்னுச்சு. இது நிக்கலாம், கல்யாணம் நிக்கக் கூடாது."

முதலாளி என் பக்கம் திரும்பி என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. பாதி சௌராஷ்டிரம், பாதி தமிழ். இரண்டுமே அச்சுக்கு ஆகாது.

அன்று பஸ் ஸ்டாப்பில் அவளிடம் கேட்டேன். "நான்தான்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மூணேகாலுக்கே தெரியும் மாஸ்டர். அதுக்கப்பறம் ஒங்க வாயில ஒரு கிண்டலும் வரல."

"அப்பறம் ஏன் காட்டிக் குடுக்கல?"

"அஞ்சு மணிக்குச் சொல்றதாத்தான் இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீக." பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "முந்தாம இருந்திருந்தா ஒங்களுக்கு இருக்கு."

மறுநாள் நான் பெரிய யோசனையோடு வந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்ட் திரும்பக் கேட்கிற மாதிரி செய்துவிடுகிறேன் என்றேன். செல்வி தலையை ஆட்டினாள். "அம்புட்டுத் தடவ கேட்டா, எல்லாரும் பாஸ்வேர்டச் சுவத்துல எழுதி வச்சிருவாக. அதெல்லாம் வேணாம். சேமிங்கற பட்டன் இருக்குல்ல, அதுல பேரப் போடுங்க."

"யாரு பேர?"

"யாரு தொறந்துருக்காகளோ அவுக பேர. 'செல்வி சேமிக்கிறார்'னு போடுங்க. பெருசா."

பத்து நிமிஷ வேலை. புத்தகத்தில் இல்லாத வேலை. ஆனால் அது என்ன செய்தது தெரியுமா? அன்று மத்தியானம் புரூஃப் அண்ணன் வழக்கம்போல அவள் நாற்காலியில் உட்கார்ந்தார், தேதியை மாற்றினார், பட்டனுக்குப் போனார். கை அந்தரத்தில் நின்றது. செல்வி பெயரை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. "தாயி, ஒன் பேரு இங்க நிக்குது. வந்து எடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டார். அவள் வந்து வெளியேறினாள். அண்ணன் தன் பெயரில் திறந்தார். பாஸ்வேர்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தார். இந்தத் தடவை நான் காது கொடுக்கவில்லை.

பூட்டுப் போட்டது நான். ஆனால் அந்தப் பூட்டுக்கு முன்னால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரிந்திருந்தது அவளுக்கு. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை நான் அவளிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் புரோட்டா ரெடியா என்று கேட்பாள். இப்போது ஒத்தக்கடையில் சொந்தமாக மண்டப புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அவள் ஆபீஸ் வெப்சைட்டும் நான் செய்ததுதான். அங்கேயும் பட்டனில் பெயர் உண்டு.

இரண்டு கல்யாணமும் அதே முகூர்த்தத்தில் நடந்தன. நான் இரண்டிலும் சாப்பிட்டேன். காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் கூலிங் கிளாஸோடு இருந்தார். பிள்ளையின் போட்டோவுக்கு இடம் போதவில்லை.

இனி எண்ணெய்த் தலைத் தம்பிக்கு. நீங்கள் கேட்ட பாஸ்வேர்ட் இனி எதையும் திறக்காது. உங்கள் ஒவ்வொருத்தர் பெயரிலும் தனித்தனியாகத் திறந்து வைத்திருக்கிறேன். நேற்று நீங்கள் போனபிறகு லாகின் பட்டியலுக்குள் போய் என் பெயரைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்று கொடுத்தேன். பட்டனில் என் பெயர் வந்து நின்றது.

பதிவேட்டில் என் பெயரில் இருக்கிற கடைசி வரி அதுதான். அதை அழுத்தியது நானேதான். சந்தேகமாக இருந்தால் முதலாளியைக் கேளுங்கள். சாட்சிக்கு அவரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டுதான் அழுத்தினேன்.